எதிலிருந்து எது வந்தது?

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1899-ல் நிறுவப்பட்டு 1901-ல் பணியைத் தொடங்கிய அந்த ஆய்வகம், 1904-ஆம் ஆண்டிலிருந்து சூரியனின் முழு வட்டையும் படமெடுத்து வந்திருக்கிறது. மேகம் வழிவிட்ட நாட்களிலெல்லாம் படம் எடுத்திருக்கிறார்கள். வெண்ணொளியில் எடுத்தால் சூரியப் புள்ளிகள் தெரியும். கால்சியம் அயனி விழுங்கும் 393.37 நானோமீட்டர் அலைநீளத்தில் எடுத்தால், காந்தப்புலம் வலுத்த இடங்கள் வெண்திட்டுகளாகத் தெரியும். அவற்றுக்கு 'பிளாஜ்' என்று பெயர். ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது இந்தக் குன்றின்மேல்தான். ஆனால் இந்த அத்தியாயம் அவரைப் பற்றியதல்ல. அந்தப் படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகள் கணினிக் கோப்புகளாக மாறிய பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது.

தகட்டைப் பின்னாலிருந்து ஒளியூட்டி, ஒரு பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் கொண்ட சதுர உணரியால் மறுபடி படமெடுக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பிட். பெருக்கிப் பார்த்தால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 33.5 மெகாபைட். இது வெறும் மூலப்படம்தான். ஒளியூட்டிய விளக்கின் ஏற்றத்தாழ்வை நீக்கினால் இரண்டாவது படம் கிடைக்கும். சூரிய வட்டின் விளிம்பைக் கண்டறிந்து மையத்தை நடுவில் வைத்தால் மூன்றாவது. சூரியனின் வடதுருவம் மேலே வரும்படி சுழற்றினால் நான்காவது. விளிம்பை நோக்கி வட்டு மங்குவதைக் கணக்கில் கழித்தால் ஐந்தாவது. அதில் சூரியப் புள்ளிகளை அடையாளம் கண்டால் ஒரு பட்டியல். ஆண்டுக்கணக்கான பட்டியல்களைக் கோத்தால், புள்ளிகள் பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடுக்கோட்டை நோக்கி நகர்வதைக் காட்டும் வண்ணத்துப்பூச்சி வடிவ வரைபடம். ஒரு தகட்டின் கீழே இப்படி ஒரு வம்சமே உருவாகிவிடுகிறது.

இப்போது ஒரு கேள்வி. 1932-ஆம் ஆண்டின் ஒரு தகட்டில் வட்டின் விளிம்பு தவறாகக் கண்டறியப்பட்டிருப்பது இன்று தெரியவருகிறது. அதைத் திருத்துகிறோம். திருத்திய பின் எவற்றையெல்லாம் மறுபடி கணக்கிட வேண்டும்? எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினால் ஒரு தகட்டுக்காகப் பல்லாயிரம் தகடுகளைக் கணக்கிட்டு நேரத்தை வீணாக்குவோம். நினைவிலிருப்பதை மட்டும் ஓட்டினால் எதையாவது விட்டுவிடுவோம். விட்டுப்போனது பழைய எண்ணாகவே பட்டியலில் உட்கார்ந்திருக்கும், பார்க்க மற்ற எண்களைப் போலவே இருக்கும்.

இதே கேள்வியை 1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்ற இளைஞர் வேறொரு வடிவில் எதிர்கொண்டார். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலை முழுவதையும் ஒரு நிரலில் பிழை தேடிக் கழித்திருந்தார். நிரலில் பிழை இல்லை. அதை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய, அதாவது இயங்கும் வடிவுக்கு மாற்ற, மட்டும் விட்டுப்போயிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது பழைய வடிவம். முந்தின மாலைதான் ஃபெல்ட்மனும் இதே காரணத்தால் நேரத்தைத் தொலைத்திருந்தார். அந்த வார இறுதியிலேயே 'மேக்' என்ற கருவியை எழுதினார். அரை நூற்றாண்டு கடந்தும் அது உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2003-ல் கணினி இயந்திரச் சங்கம் அதற்காக அவருக்கு மென்பொருள் அமைப்புக்கான விருது வழங்கியது. ஃபெல்ட்மன் பிரின்ஸ்டனில் இளங்கலையில் படித்தது வானியற்பியல் என்பதை அறிந்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டானது.

மேக் கேட்பது மிகக் குறைவு. எந்தக் கோப்பு எவற்றிலிருந்து உருவாகிறது, எப்படி உருவாகிறது என்பதை மட்டும் எழுதித் தரவேண்டும். கொடைக்கானல் படத்துக்கு அதைத் தமிழில் எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

சுழற்றிய-படம் : மையப்படுத்திய-படம் நோக்கிய-நேரம் சுழற்றும்-நிரல்

முக்காற்புள்ளிக்கு இடப்புறம் இருப்பது விளைவு, வலப்புறம் இருப்பவை அதற்கு வேண்டிய மூலங்கள். இதன் கீழே, சுழற்றுவதற்கான கட்டளை ஒரு வரி வரும். மூலங்களில் ஏதாவது ஒன்று விளைவைவிடப் புதியதாக இருந்தால் கட்டளையை ஓட்டு, இல்லாவிட்டால் விடு. மேக்கின் அறிவு முழுவதும் இவ்வளவுதான். மையப்படுத்திய-படத்துக்கும் இதேபோல் ஒரு விதி, அதன் மூலங்களுக்கும் ஒரு விதி என்று கோத்துக்கொண்டே போனால், மேலே மூலத்தகட்டிலும் கீழே வண்ணத்துப்பூச்சியிலும் முடிகிற ஒரு சார்பு வரைபடம் கிடைக்கும். அதில் எந்த இடத்தைத் தொட்டாலும் அதன் கீழே தொங்குபவை மட்டும், சரியான வரிசையில், மறுபடி உருவாகும். நிரலே ஒரு மூலமாக வலப்புறத்தில் நிற்பதைக் கவனியுங்கள். கணக்கிடும் முறையை மாற்றினாலும் விடை பழசாகிவிடும். பலரும் இந்த மூன்றாவது மூலத்தை எழுத மறப்பார்கள்.

இந்த எளிய திட்டத்தின் பலம் முழுவதும் இரண்டு சாட்சிகளை நம்பி இருக்கிறது. ஒன்று கோப்பின் பெயர், இன்னொன்று கோப்பின் நேரம். இரண்டுமே பொய் சொல்லக்கூடியவை.

முதலில் பெயர். கோப்பின் முழுப்பெயர் என்பது அதற்குப் போகும் பாதை. எந்த வட்டு, எந்த ஃபோல்டர், அதற்குள் எந்த ஃபோல்டர், கடைசியில் கோப்பு. வேரிலிருந்து தொடங்கும் முழுப்பாதை ஒரு வகை. நிற்கும் இடத்திலிருந்து சொல்லும் சார்புப்பாதை இன்னொரு வகை. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டிலிருந்து வருபவரிடம் 'பெருமாள்மலையில் நேராகப் போங்கள்' என்றால் சரியாகப் போய்ச் சேருவார். அதையே பழனியிலிருந்து மலையேறி வருபவரிடம் சொன்னால் வழி தவறிவிடும். அவர் அங்கே திரும்ப வேண்டும். சார்புப்பாதையும் இப்படித்தான். எந்த ஃபோல்டரில் நின்று சொன்னோம் என்பது தெரியாவிட்டால் அதற்குப் பொருளே இல்லை. பெரிய நிரல்தொகுதிகளில் ஒரு மேக் இன்னொரு ஃபோல்டருக்குள் போய் இன்னொரு மேக்கை எழுப்பும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஒவ்வொன்றும் தன் ஃபோல்டரில் நின்றபடி வரைபடத்தின் ஒரு துண்டை மட்டுமே பார்க்கும். துண்டுகளுக்கு இடையே ஓடும் சார்புகள் யார் கண்ணிலும் படாது. பீட்டர் மில்லர் 1990-களின் இறுதியில் இந்த வழக்கம் ஏன் கேடு என்று ஒரு கட்டுரை எழுதினார். வரைபடம் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்ற அவருடைய வாதத்தைப் பின்வந்த கருவிகள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன.

முழுப்பாதைக்கு வேறு நோய். ஒருவருடைய பயனர்பெயரும் அவருடைய வெளிவட்டின் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். வட்டை வேறு கணினியில் செருகினால் பாதை மாறிவிடும், கோப்பு இருந்தும் இல்லாததாகிவிடும். இன்னும் மோசமானது, பாதையே விளைவுக்குள் பதிந்துவிடுவது. ஒரே நிரலை இரண்டு பேர் இரண்டு ஃபோல்டர்களில் கம்பைல் செய்தால், பிழை தேட உதவுவதற்காகக் கம்பைலர் உள்ளே எழுதிவைக்கும் பாதைகளால் இரண்டு விளைவுகளும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போவதில்லை. 2013-லிருந்து டெபியன் லினக்ஸ் குழுவினர் இதை விடாமல் துரத்தினார்கள். யார், எங்கே, எப்போது கட்டினாலும் ஒரே விளைவு வரவேண்டும் என்பது அவர்களுடைய குறி. அதனால்தான் இன்று கம்பைலரிடம் 'இந்தப் பாதையின் முன்பகுதியை மாற்றி எழுது' என்று சொல்ல வழி இருக்கிறது.

பெயரில் தமிழர்களுக்கென்றே ஒரு கண்ணி உண்டு. 'கொடைக்கானல்' என்று ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள். 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. முதல் முறையில் பெயர் 11 குறிகள், 33 பைட். இரண்டாவது முறையில் 12 குறிகள், 36 பைட். ஆப்பிள் கணினிகள் நெடுங்காலம் பயன்படுத்திய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸோ கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆகவே லினக்ஸ் வட்டு ஒன்றில் 'கொடைக்கானல்' என்று இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும். மேக் போன்ற பில்டு கருவி அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு 'எதுவும் மாறவில்லை' என்று அறிக்கை தரும், திருத்திய படங்கள் மற்றதில் கிடக்கும். தமிழில் பெயர் வைக்கவே கூடாது என்று இதற்குச் சிலர் தீர்வு சொல்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். பெயரை ஒப்பிடும் முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது கருவியின் கடமை. இடைவெளி உள்ள பெயரை இரண்டு பெயர்களாகப் பிரித்துப் படிக்கும் பழக்கம் மேக்கிடம் இன்றும் இருக்கிறது. அதையும் இந்தக் குறையின் உடன்பிறப்பாகத்தான் பார்க்கவேண்டும்.

அடுத்தது நேரம். எது புதியது என்பதை மேக் கோப்பின் திருத்த நேரத்தை வைத்து முடிவு செய்கிறது. ஆனால் அந்த நேரம் கோப்புக்குள் இல்லை, கோப்பைப் பற்றி வட்டு வைத்திருக்கும் குறிப்பில் இருக்கிறது. நகலெடுத்தால் மாறலாம். காப்பு வட்டிலிருந்து மீட்டால் பின்னோக்கிப் போகலாம். நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி திருத்த நேரத்தைச் சேமிப்பதே இல்லை. ஒரு தொகுதியைப் புதிதாக இறக்கினால் எல்லாக் கோப்புகளும் அந்தக் கணத்தில் பிறந்தவையாகத் தெரியும். 2011-ல் கடைசியாகத் தொட்ட படமும் நேற்றுத் திருத்திய நிரலும் அங்கே ஒரே வயது.

எனவே பின்வந்த கருவிகள் உள்ளடக்கத்தையே சாட்சிக்கு அழைத்தன. கோப்பின் எல்லாப் பைட்டுகளையும் ஒரு கணிதச் சார்பில் செலுத்தினால் 256 பிட் நீளமுள்ள ஒரு முத்திரை கிடைக்கும். 33.5 மெகாபைட்டில் ஒரு பிட் மாறினாலும் முத்திரை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கூகுள் 2015-ல் வெளியிட்ட பேஸல் இப்படித்தான் இயங்குகிறது. ஈல்கோ டோல்ஸ்ட்ரா உருவாக்கிய நிக்ஸ் இன்னும் ஒரு படி போய், மூலங்களிலிருந்து கணக்கிட்ட முத்திரையைப் பாதைக்குள்ளேயே வைக்கிறது. மூலம் மாறினால் விளைவின் முகவரியே மாறும். முத்திரையில் இன்னொரு லாபமும் உண்டு. விளிம்பு கண்டறியும் நிரலில் விளக்கக் குறிப்பு ஒன்றை மட்டும் திருத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நேரத்தை நம்பும் கருவி ஒரு நூற்றாண்டின் படங்கள் அத்தனையையும் கடைசிவரை மறுபடி ஓட்டும். முத்திரையை நம்பும் கருவி விளிம்பை மட்டும் கணக்கிட்டுப் பார்க்கும், பழைய விடையே வந்ததைக் காணும், அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் கொடைக்கானல் தகடுகளுக்கு இன்னொரு நேரம் இருக்கிறது. வட்டுக்குத் தெரியாத நேரம், சூரியனைப் படமெடுத்த நேரம். வானியலில் அது அலங்காரக் குறிப்பல்ல, கணக்கின் மூலப்பொருள். பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனின் அச்சு ஆண்டு முழுவதும் இரு பக்கமும் ஏறத்தாழ 26 பாகை வரை சாய்கிறது. எவ்வளவு சுழற்றவேண்டும் என்பதைத் தேதிதான் சொல்லும். கால்சியம் படங்களுக்கு நாழிகையும் வேண்டும். அவற்றை எடுத்த கருவிக்கு ஒளியைத் திருப்பி அனுப்புவது சைடரோஸ்டாட் என்ற நகரும் கண்ணாடி. அது தரும் பிம்பம் நாள் ஏற ஏறத் தானே சுழன்றுகொண்டிருக்கும்.

காலை 8 மணிக்கு எடுத்த ஒரு படம் என்று கொள்வோம். உலகப் பொது நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணியைக் கழிக்கவேண்டும். 2:30 வரும். இந்த வேலையை ஒரு நிரல் செய்து முடித்திருக்க, இது இந்திய நேரம்தான் என்று நம்பிய அடுத்த நிரல் மறுபடி ஐந்தரை மணியைக் கழித்தால், படம் முந்தின நாள் இரவு 9 மணிக்குப் போய்விடும். தேதியே மாறிவிட்டது. ஐந்தரை மணி நேரத்தில் சூரியப் புள்ளி சுமார் 3 பாகை நகர்ந்திருக்கும், ஆக அதன் நெடுங்கோடும் தவறு. எந்தக் கோப்பும் காணாமல் போகவில்லை, எந்தப் பாதையும் உடையவில்லை, பில்டு வெற்றி என்றே வரும்.

சரி, ஐந்தரை மணியை ஒரே தடவை கழித்தால் போதுமா? இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1-ல். அதற்கு முன் தென்னாட்டு ரயில்கள் ஓடியது மதராஸ் நேரத்தில், அது கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே இருந்தது. கொடைக்கானல் படத்தொடர் தொடங்குவதோ 1904-ல். இரண்டாம் உலகப்போரின்போது 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை நாட்டின் கடிகாரங்கள் இன்னும் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே தகட்டின்மேல் எழுதிய நேரத்தைப் படிப்பவர், அதை எழுதியவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார் என்பதையும் அறிந்திருக்கவேண்டும். கணினியில் இந்த வரலாறு முழுவதும் நேர மண்டலத் தரவுத்தொகுதி என்ற சிறு கோப்புக்கூட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்குச் சில முறை அதைப் புதுப்பிக்கிறார்கள், சில சமயம் பழைய வரலாற்றையே திருத்துகிறார்கள். நேரத்தை மாற்றும் எந்த நிரலும் அந்தக் கோப்பைப் படிக்கிறது. மேலே நாம் எழுதிய விதியின் வலப்புறத்தில் அது இருந்ததா? இல்லை. இதைத்தான் பில்டு எழுதுவோர் மறைந்த சார்பு என்கிறார்கள். சி மொழி நிரல்களில் தலைப்புக் கோப்புகள் இப்படி மறையும். அதனால்தான் 'நீ எவற்றையெல்லாம் திறந்து படித்தாய்' என்று கம்பைலரையே கேட்டு அந்தப் பட்டியலை விதியில் சேர்க்கும் வழக்கம் வந்தது. பேஸல் போன்றவை கட்டளையை ஒரு தடுப்புக்குள் ஓட்டி, சொல்லாத கோப்பைத் தொட்டால் பிழை என்று நிறுத்த முயல்கின்றன. கடுமையான முறைதான். ஆயினும் நூறாண்டுத் தரவைக் கையாளும் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் இதையே நான் பரிந்துரைப்பேன்.

இனி, எண்ணிப் பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பூட்டும் ஒரு விஷயம். சதுரமான கண்ணாடித் தகடு ஒன்றை ஒளிமேடையில் எட்டு விதமாக வைக்கலாம். நான்கு சுழற்சிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கங்கள். எப்படி வைத்தாலும் வட்டமான சூரியன் வட்டமாகவே தெரியும். கொடைக்கானலின் வெண்ணொளித் தொடரில் 1921 முதல் 2011 வரையிலான படங்களிலிருந்து எடுத்த புள்ளிப் பட்டியல் 2017-ல் வெளியானது. முன்னும் பின்னும் விடுபட்ட 1904–1921, 2011–2017 ஆண்டுகளை 2022-ல் சேர்த்தபோது, படங்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்பது ஒழுங்கின்றி இருந்ததை ஆய்வாளர்கள் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதே காலத்துக் கிரீனிச் பதிவுகளோடு ஒப்பிட்டு, புள்ளிகள் எந்த நிலையில் பொருந்துகின்றன என்று பார்த்துத் திசையைத் தீர்மானித்தார்கள். கிரீனிச் அரச வானாய்வகம் 1874 முதல் 1976 வரை அன்றாடம் புள்ளிகளின் இடத்தையும் பரப்பையும் அளந்து அச்சிட்டிருந்தது.

ஆனால் கிரீனிச் பதிவின் எல்லா நாட்களும் கிரீனிச்சில் எடுத்தவை அல்ல. அங்கே படம் கிடைக்காத நாட்களை நன்னம்பிக்கை முனை, மொரீஷியஸ், கொடைக்கானல் போன்ற இடங்களின் படங்களைக் கொண்டு நிரப்பினார்கள். அப்படியானால் சில நாட்களில் நிலைமை என்ன? கொடைக்கானல் படத்தின் திசையை அறிய கிரீனிச் பட்டியலைக் கேட்கிறோம். கிரீனிச் பட்டியலோ கொடைக்கானல் படத்திலிருந்து வந்தது. மேக்கிடம் இப்படி எழுதிக் கொடுத்தால் 'வட்டச் சார்பு, விட்டுவிட்டேன்' என்று எச்சரித்து ஒரு அம்பை வெட்டிவிடும்.

நிதானமாகப் பார்த்தால் இது வட்டமே அல்ல. நாம் இரண்டு வேறு பொருட்களுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டோம், அவ்வளவுதான். அன்று எடுத்த படத்தை அன்றைய ஆட்கள் திசை அறிந்து அளந்து பட்டியலாக்கினார்கள். அது ஒரு பொருள். இந்த நூற்றாண்டில் எடுத்த, திசை அறியாத மின்பதிப்பு இன்னொரு பொருள். அம்பு முதலாவதிலிருந்து பட்டியலுக்கும், பட்டியலிலிருந்து இரண்டாவதற்கும் நேராகப் போகிறது. திரும்பி வரவில்லை. 'அந்த நாளின் கொடைக்கானல் படம்' என்ற ஒரே பாதையில் இரண்டையும் வைத்தால்தான் வட்டம் தோன்றுகிறது. மென்பொருளில் வரும் வட்டச் சார்புகளிலும் கணிசமானவை இந்த ரகம்தான். ஒரே கோப்பைப் படித்து அதன் மேலேயே எழுதும் நிரல் இருந்தால் வட்டம் வரும். படித்ததற்கு ஒரு பாதை, எழுதியதற்கு வேறு பாதை என்று பிரித்தால் போய்விடும்.

வட்டம் இல்லை என்பதால் அந்த நாட்களைக் கவனிக்காமல் விடலாம் என்று ஆகாது. திசை சரியா என்பதற்கு கிரீனிச் அங்கே சுதந்திரமான சாட்சி. ஆனால் புள்ளியின் பரப்பு இரண்டு பட்டியல்களிலும் ஒத்துப்போகிறது என்பதை இரண்டு ஆய்வகங்களின் உடன்பாடாக எண்ணினால் தவறு. இரண்டும் ஒரே தகட்டின் பிள்ளைகளாக இருக்கலாம். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் அது எந்த ஆய்வகத்தின் படத்திலிருந்து வந்தது என்ற பத்தியும் இருந்தால், சார்பு வரைபடத்தை மேலே மேலே தொடர்ந்து போய் இரண்டு அம்புகள் எங்கே சந்திக்கின்றன என்று ஒரு நிரலே கண்டு சொல்லிவிடும்.

அப்படிச் சந்திக்கும் நாட்களுக்குக் கேட்பதற்கு இன்னொரு இடம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. 1904-லிருந்து 2022 வரை அங்குள்ளவர்கள் அன்றாடம் சூரிய வரைபடங்களைக் கையால் வரைந்திருக்கிறார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை அச்சிட்ட வட்டத்தில் புள்ளி, பிளாஜ், இழை, விளிம்புத் தீக்கொழுந்து ஒவ்வொன்றும் தனித்தனி நிறத்தில். வடக்கு எது என்பது தாளிலேயே அச்சாகியிருக்கிறது. இந்த வரைபடத்தையும் விதியின் வலப்புறத்தில் ஒரு மூலமாகச் சேர்த்து, அது சொல்லும் திசையும் கிரீனிச் சொல்லும் திசையும் வேறுபடும் தகடுகளைத் தனி ஃபோல்டரில் எடுத்து வைத்தால், அவற்றை ஒளிமேடையில் மறுபடி வைத்துக் கண்ணால் பார்க்கலாம்.